காணாமையும் இன்மையும்: அரிய துகள் சிதைவுகள் எழுப்பும் ஓர் அறிவுக் கேள்வி

நிலையற்ற துகள்கள் பிறந்த சிறிது நேரத்திலேயே சிதைந்து வேறு துகள்களாகின்றன. ஒரே துகள் பல வழிகளில் சிதையலாம். அவற்றுள் சில வழிகள் அடிக்கடி நிகழ்பவை. வேறு சில மிக அரிதாக, சிலவேளை 100 கோடி முறையில் மூன்று நான்கு முறையே, நிகழ்பவை. இவற்றையே அரிய சிதைவுகள் என்கிறார்கள். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் நிலத்துக்கு அடியே 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த பெரும் ஹாட்ரான் மோதுவியிலும், ஜப்பானின் சுகுபா நகரிலுள்ள சூப்பர் கெக்பி மோதுவியிலும் இந்தச் சிதைவுகளைத் தேடும் பணி தொடர்ந்து நடக்கிறது. இயற்பியலின் இன்றைய அடிப்படைக் கொள்கைக்கு அப்பால் ஏதேனும் உண்டா என்று அறிவதே அதன் நோக்கம்.

இத்தேடலின் முடிவுகளில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை: எதிர்பார்த்ததற்கு மேல் எதுவும் காணப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்துச் சொல்லும் இந்த 'இல்லை' அறிவாகுமா, வெறும் அறியாமையா? காணாமையிலிருந்து இன்மைக்குச் செல்ல நேர்மையான வழி உண்டா? உண்டென்றால் எந்த நிபந்தனையின் பேரில்? இந்தக் கேள்வி துகள் இயற்பியலுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இந்தியத் தத்துவ மரபு அதற்கு விதித்த நிபந்தனை, மோதுவிகளில் இன்று எண்ணாக அளக்கப்படுகிறது.

அளவை நூல்களில் இன்மை

அறிவு எவ்வழியில் வருகிறது என்று ஆராயும் அளவையியலில் இன்மைக்குத் தனி இடம் உண்டு. தரையில் குடம் இல்லை என்று ஒருவர் அறிகிறார். இல்லாத குடத்தோடு கண்ணுக்குத் தொடர்பு ஏற்பட வழியில்லை. அப்படியானால் இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகரான குமாரில பட்டர், காணாமையே தனியோர் அளவை என்றார். அனுபலப்தி என்று பெயர் பெற்ற இதனை அத்வைதிகளும் ஏற்றுக்கொண்டனர். பிரபாகரர் வழிவந்த மீமாம்சகர்கள் இதை மறுத்தனர். வெறுந்தரையைக் காண்கிறோம், அவ்வளவுதான். அதற்கு மேல் குடத்தின் இன்மை என்று தனிப்பொருள் ஏதுமில்லை என்பது அவர்கள் வாதம். இன்மை உண்மையான ஒரு பதார்த்தமே, ஆனால் அதையும் புலனே அறிகிறது, காணாமை துணைக்காரணம் மட்டுமே என்றனர் நியாய மரபினரான நையாயிகர். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் அடக்கினார்.

தமிழிலும் இவ்விவாதம் உண்டு. மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை பத்து அளவைகளை எண்ணும்போது அபாவம் எனப்படும் இன்மையையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவத்தை எடுத்துச் சொல்லி, எல்லா அளவைகளும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கிவிடும் என்று முடிக்கிறார்.

இன்மை தனி அளவையா, வேறொன்றில் அடங்குமா என்பதில் இத்தரப்புகள் முரண்பட்டன. ஆனால் காணாமையைச் சான்றாக ஏற்றவர்கள் ஒரு நிபந்தனையில் ஒன்றுபட்டனர். தேடிய பொருள் அங்கே இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் காணாமை இன்மைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாத பிசாசைக் காணவில்லை என்பதிலிருந்து ஐயம் மட்டுமே எஞ்சும், முடிவு பிறக்காது என்பார் தர்மகீர்த்தி. காணத்தக்க பொருள், காணத்தக்க சூழல், காணவல்ல புலன் ஆகிய மூன்றும் கூடியிருந்தும் காணாமையே தகுதியுள்ள காணாமை.

இல்லாமை பேசிய இரண்டு தருணங்கள்

தகுதியுள்ள காணாமை எத்தனை வலுவான அறிவைத் தரும் என்பதற்குத் துகள் இயற்பியலின் வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்றது. நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. அது எலக்ட்ரானாகவும் ஒரு காமா ஒளித்துகளாகவும் சிதைய வேண்டும் என்று முதலில் கருதப்பட்டது. 1940களின் இறுதியில் கனடாவில் ஹிங்க்ஸ், பான்டிகார்வோ இருவரும் அதைத் தேடினர், கிடைக்கவில்லை. 1955இல் லோகநாதனும் ஸ்டைன்பெர்கரும் மேலும் கூர்மையாகத் தேடி, அப்படி ஒரு சிதைவு இருந்தாலும் லட்சத்தில் இரண்டுக்கு மேல் இராது என்று காட்டினர். 1958இல் ஃபைன்பெர்க் செய்த கணக்கின்படி, அன்று நம்பப்பட்டதுபோல் நியூட்ரினோ ஒரே வகை என்றால் அச்சிதைவு பத்தாயிரத்தில் ஒன்றாவது நிகழ வேண்டும். இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை. ஆகவே அடிப்படை எண்ணத்திலேயே பிழை இருக்க வேண்டும். எலக்ட்ரானுக்கு ஒரு நியூட்ரினோ, மியூவானுக்கு வேறொரு நியூட்ரினோ என்ற கருத்து இவ்வழியில் வலுப்பெற்றது. 1962இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு 1988இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஸ்டைன்பெர்கரும் ஒருவர். நிகழாத ஒரு சிதைவு புதிய துகள் ஒன்றுக்கு வழிகாட்டியது.

இரண்டாவது சான்று கேயான் துகளுடையது. மின்னூட்டமுள்ள கேயான் 100இல் ஏறத்தாழ 63 முறை மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைகிறது. மின்னூட்டமற்ற, நீண்ட ஆயுளுடைய கேயானோ இரு மியூவான்களாகச் சிதைவது 100 கோடியில் ஏழு முறை அளவுக்கே. இத்தனை பெரிய வேறுபாட்டுக்கு அன்று அறிந்திருந்த மூன்று குவார்க்குகளைக் கொண்டு விளக்கம் தர இயலவில்லை. 1970இல் கிளாஷோ, இலியோபுலோஸ், மையானி மூவரும் நான்காவது குவார்க் ஒன்று இருந்து, அதன் பங்களிப்பு அறிந்த குவார்க்கின் பங்களிப்பை ஏறக்குறைய முழுவதும் ஈடுசெய்துவிடுகிறது என்றனர். 1974 நவம்பரில் அந்தச் சார்ம் குவார்க்கின் அடையாளம் புரூக்ஹேவனிலும் ஸ்டான்ஃபோர்டிலும் ஒருங்கே கிடைத்தது.

அரிய சிதைவுகளில் இப்படி ஏன் நிகழ்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. மிகுந்த நிறையுள்ள துகளை நேரடியாக உருவாக்க மோதுவியின் ஆற்றல் போதாமல் இருக்கலாம். ஆனாலும் குவான்டம் விதிகளின்படி, சிதைவின் இடைப்படிகளில் அத்துகள் மிகக் குறுகிய கணம் பங்கேற்று, சிதைவு நடக்கும் விகிதத்தை மாற்றலாம். சாதாரணச் சிதைவுகளில் இந்தச் சிறு பங்களிப்பு மற்றவற்றின் பெருக்கத்தில் அமிழ்ந்துபோகும். அறிந்த துகள்கள் வழியாக ஒரு சிதைவு ஏறக்குறைய நடக்கவே முடியாது என்னும்போதுதான் அறியாத துகளின் சிறு பங்கும் எடுத்துத் தெரியும்.

பி-எஸ் மெசானின் இரு மியூவான்கள்

இத்தேடலுக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பி-எஸ் மெசான் இரு மியூவான்களாகச் சிதைவது. பாட்டம் குவார்க்கின் எதிர்த்துகளும் ஸ்ட்ரேஞ்ச் குவார்க்கும் இணைந்தது இந்த மெசான். ஸ்டாண்டர்ட் மாடல் எனப்படும் தரநிலைக் கோட்பாட்டின்படி இச்சிதைவு நேர்வழியில் நடக்காது; டபிள்யூ துகளும் டாப் குவார்க்கும் இடையில் நின்று சுற்றுவழியில் நடத்த வேண்டும். மியூவான்களின் தற்சுழற்சி பற்றிய விதியும் அதை மேலும் ஒடுக்குகிறது. 2019இல் வெளியான கணக்கு 100 கோடிக்கு 3.66 என்ற விகிதத்தைத் தந்தது. அதன் பிழை வரம்பு 0.14 மட்டுமே. மறுபுறம், சூப்பர்சிமெட்ரி எனப்படும் மீச்சமச்சீர்மைக் கொள்கையின் சில வடிவங்கள் இதைவிடப் பல மடங்கு கூடுதலான விகிதத்தை எதிர்பார்த்தன. புதியது இருந்தால் தெரிய வேண்டிய இடம் இது.

பெரும் ஹாட்ரான் மோதுவியின் எல்ஹெச்சிபி உணர்கருவியில் ஒரு நிகழ்வைத் தேடும் முறையை நெருங்கிப் பார்த்தால், தகுதியுள்ள காணாமை எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பது விளங்கும். புரோட்டான் கற்றைகள் நொடிக்கு 4 கோடி முறை வரை குறுக்கிடுகின்றன. அவற்றில் பிறக்கும் பி-எஸ் மெசானின் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை பிக்கோநொடி. ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுவதால் அந்த ஆயுள் நமக்கு நீண்டு தெரிய, அது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓடிச் சிதைகிறது. கற்றையிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்திலேயே நிறுத்தப்பட்ட சிலிக்கான் தகடுகள் அந்தச் சிறு இடைவெளியைப் பிரித்துக் காட்டுகின்றன. மோதல் நடந்த புள்ளியும் மியூவான்கள் புறப்பட்ட புள்ளியும் வேறுவேறாக இருக்க வேண்டும். மற்றத் துகள்களைத் தடுத்துவிடும் இரும்புச் சுவர்களை இரு மியூவான்களும் ஊடுருவி அப்பால் தெரிய வேண்டும். அவற்றின் ஆற்றலையும் உந்தத்தையும் கூட்டிக் கணக்கிட்டால் பி-எஸ் மெசானின் நிறையான 5,367 மெகா எலக்ட்ரான்வோல்ட் வர வேண்டும்.

இவ்வளவும் பொருந்தினாலும் அது உறுதியல்ல. வேறு வேறு சிதைவுகளிலிருந்து வந்த இரு மியூவான்கள் தற்செயலாக இந்த அடையாளத்தைக் காட்டலாம். பையான், கேயான் போன்ற துகள்கள் மியூவானாகத் தவறாக அறியப்படலாம். எனவே கருவியின் பார்வை முதலில் சோதிக்கப்படுகிறது. மின்னூட்டமுள்ள பி மெசான் ஒரு கேயானாகவும், பின்னர் இரு மியூவான்களாகப் பிரியும் ஜே-சை துகளாகவும் சிதைவது லட்சத்தில் ஆறு என்ற அளவில் நன்கு அறிந்த செய்தி. அந்தச் சிதைவுகளைக் கருவி எத்தனை கண்டது, எத்தனையைத் தவறவிட்டது என்று எண்ணி அதன் காணும் திறன் அளக்கப்படுகிறது. அந்த அளவீட்டை வைத்தே அரிய சிதைவின் விகிதம் கணிக்கப்படுகிறது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற பழைய நிபந்தனை இங்கே ஒரு விழுக்காடாகிவிடுகிறது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தேடும் நிகழ்வு இருக்க வேண்டிய நிறைப்பகுதி ஆய்வாளர்களின் கண்ணுக்கு மறைத்து வைக்கப்படும். எவ்வகை நிகழ்வுகளை ஏற்பது, எவற்றை நீக்குவது, பின்னணியை எப்படிக் கணிப்பது ஆகிய எல்லாம் உறுதியான பின்பே அப்பகுதி திறக்கப்படும். விரும்பிய விடையை நோக்கி விதிகளை வளைக்கும் மனித இயல்புக்கு இது அணை போடுகிறது. காணும் கருவியின் குறையோடு காண்பவரின் ஆசையும் காட்சியைக் கெடுக்கும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது.

இச்சிதைவுக்கான தேடல் 1980களில் தொடங்கியது. அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவியில் தொடர்ந்த அது, மேல்வரம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கீழே இறக்கியது. 2012 நவம்பரில் எல்ஹெச்சிபி முதல் சான்றை அறிவித்தது. 2015இல் எல்ஹெச்சிபி குழுவும் அதே மோதுவியின் சிஎம்எஸ் குழுவும் தரவுகளை இணைத்து ஐயமற்ற கண்டறிதலாக வெளியிட்டன; கிடைத்த விகிதம் 100 கோடிக்கு 2.8. பின்னர் வந்த அளவீடுகளில் எல்ஹெச்சிபி 3.09 என்றும் சிஎம்எஸ் 3.83 என்றும் கண்டன. பிழை வரம்புக்குள் எல்லாம் தரநிலைக் கோட்பாட்டோடு ஒத்துப்போகின்றன.

மறுப்பு எங்கே விழுகிறது

இந்த ஒத்துப்போதலால் எது மறுக்கப்பட்டது? ஒரு கொள்கையிலிருந்து பெற்ற எதிர்பார்ப்பு பொய்த்தால் அக்கொள்கை பொய்க்கிறது என்பதை அறிவியலின் இலக்கணமாக 1934இல் கார்ல் பாப்பர் வைத்தார். அவருக்கு முன்பே, 1906இல், பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் துஹெம் ஒரு தடையைச் சுட்டியிருந்தார். எந்தச் சோதனையும் தனியொரு கருத்தைச் சோதிப்பதில்லை. கருத்துகளின் தொகுதியையே சோதிக்கிறது. தொகுதி பொய்த்தால் அதில் எந்தப் பகுதி பிழை என்று சோதனை தானாகச் சொல்லாது.

பி-எஸ் மெசானின் அளவீடு மீச்சமச்சீர்மையை முழுவதுமாக மறுக்கவில்லை. விகிதத்தைப் பல மடங்கு உயர்த்தியிருக்கக்கூடிய வடிவங்களை மட்டுமே அது விலக்கியது. புதிய துகள்களின் நிறையை உயர்த்திக்கொண்டால், அல்லது அவற்றின் இணைப்பை வலுக்குறைத்துக்கொண்டால், அக்கொள்கை மறுப்புக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்துவிடும். ஆகவே 'இல்லை' என்ற சொல்லோடு அதன் எல்லையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். மியூவான் எலக்ட்ரானாகவும் ஒளித்துகளாகவும் சிதைவதை இன்றும் தேடும் சுவிட்சர்லாந்தின் மெக்-2 சோதனை 2025இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல முன்மாதிரி. அச்சிதைவு இல்லவே இல்லை என்று அது சொல்லவில்லை. இருந்தால் 10 லட்சம் கோடியில் 1.5 முறைக்குக் கீழ்தான் என்றும், அவ்வாறு சொல்வதில் உள்ள நம்பகம் 90 விழுக்காடு என்றும் சொன்னது. இப்படி அளவோடு சொல்லப்படும் இன்மை, திட்டவட்டமான மறுப்பைவிடக் குறைவாகப் பேசுகிறது. ஆனால் பேசிய மட்டும் உறுதியாக நிற்கிறது.

கண்டது பிழையான கதை

காணாமைக்குத் தகுதி வேண்டும் என்றால் காண்டலுக்கும் அது வேண்டும். இதை உணர்த்தியது எல்ஹெச்சிபியின் இன்னோர் ஆய்வு. பி மெசான் ஒரு கேயானோடு இரு மியூவான்களாகவும் சிதையலாம், ஒரு கேயானோடு ஓர் எலக்ட்ரான், ஒரு பாசிட்ரானாகவும் சிதையலாம். தரநிலைக் கோட்பாட்டில் இரண்டும் சம அளவில் நடக்க வேண்டும், விகிதம் 1. 2014இல் கிடைத்த அளவீடு 0.745. 2021இல் கூடுதல் தரவோடு வந்தது 0.846; சிக்மா என்னும் புள்ளியியல் அளவில் வேறுபாடு 3.1. உலகெங்கும் நம்பிக்கை பெருகியது. புதிய துகள்களை முன்மொழிந்து ஏராளமான கட்டுரைகள் வந்தன.

துகள் இயற்பியலில் கண்டறிதல் என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். புதிதாக எதுவும் இல்லாதபோது தற்செயல் ஏற்றத்தாழ்வே அத்தனை பெரிய மிகுதியைக் காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று என்பது அதன் பொருள். ஆனால் இந்த அளவுகோல் தற்செயலை மட்டுமே தடுக்கும். கருவியைப் பற்றிய தவறான புரிதலைத் தடுக்காது. 2022 டிசம்பரில் அதே குழு தன் ஆய்வை முழுமையாகத் திருப்பிச் செய்து வெளியிட்டபோது விகிதம் 1-ஐ ஒட்டி வந்தது. எலக்ட்ரான்களாக எண்ணப்பட்டவற்றில் வேறு துகள்களும் கலந்திருந்ததை முந்தைய ஆய்வு குறைத்து மதிப்பிட்டிருந்தது. மியூவானைவிட எலக்ட்ரானை அடையாளம் காண்பது கடினம். அது செல்லும் வழியில் ஒளித்துகள்களை உமிழ்ந்து ஆற்றலை இழக்கிறது. கயிற்றைப் பாம்பாகக் காணும் மயக்கத்தைப் பற்றித் தத்துவ நூல்கள் விரிவாகப் பேசியதும் இந்த ஆபத்தை உணர்ந்துதான். மிக முக்கியமான செய்தி, பிழையைக் கண்டு சொன்னவர்கள் வெளியார் அல்லர். உலகின் கவனத்தைத் தமக்குப் பெற்றுத்தந்த முடிவை அதே குழுவினரே திருத்தினர். அறிவுத்தேடலில் இதனினும் உயர்ந்த ஒழுக்கம் அரிது.

எதிர்பார்ப்புக்கும் இதே தகுதி வேண்டும். பி மெசான் கே-ஸ்டார் மெசானாகவும் இரு மியூவான்களாகவும் சிதையும்போது அவை பறக்கும் கோணங்களில் ஒரு விலகல் 2013 முதல் தெரிகிறது. அளவீடு நிலைத்து நிற்கிறது. ஆயினும் சார்ம் குவார்க்குகளின் பங்களிப்பைத் துல்லியமாகக் கணிப்பது கடினம் என்பதால், தரநிலைக் கோட்பாடு உண்மையில் என்ன சொல்கிறது என்பதிலேயே கருத்து வேறுபாடு உள்ளது. எதிர்பார்ப்பு தெளிவாக இல்லாத இடத்தில் விலகல் என்ற சொல்லுக்கும் உறுதியான பொருள் கிடைப்பதில்லை.

கடவுள் கேள்விக்கு இதன் எல்லை

காணாமையின் தகுதி பற்றிய இந்த விவாதம் சமயத்துக்குள்ளும் நடந்தது. கடவுள் காணப்படவில்லை, ஆகவே இல்லை என்ற வாதத்துக்கு நையாயிகரான உதயனர் நியாய குசுமாஞ்சலியில் விடை தந்தார். காணத்தக்க பொருள் காணப்படாதபோதே அது இல்லை என்று சொல்லலாம். கடவுள் புலன்களால் காணத்தக்க பொருள் அல்லர். எனவே காணாமை அவரை மறுக்காது என்பது அவர் விடையின் சாரம். தர்க்கமுறையில் இது பிழையற்றது. துகள் சோதனைகளின் முடிவுகளைக் கொண்டு கடவுளை மறுக்க முனைவோருக்கும் இந்த விடை பொருந்தும். எந்த உணர்கருவியும் தான் காணத்தக்கதைப் பற்றியே பேச முடியும்.

ஆனால் உதயனர் அதோடு நின்றுவிடவில்லை. காணாமை மறுக்காது என்று காட்டிய பின், உலகம் ஒரு விளைவு, விளைவுக்குச் செய்தவன் வேண்டும் என்பன போன்ற தனி அனுமானங்களை அதே நூலில் அடுக்கினார். காணத்தகாதது என்ற நிலை ஒரு பொருளை மறுப்பிலிருந்து காக்குமே தவிர அதை நிறுவாது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். இது இரு தரப்புக்கும் உரிய பாடம். அறிவியல் கண்டுபிடிக்கவில்லை என்பதால் இல்லை என்போரும், அறிவியல் மறுக்கவில்லை என்பதால் உண்டு என்போரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். முன்னவர் எல்லைக்கு வெளியே தீர்ப்புச் சொல்கிறார். பின்னவர் தீர்ப்பு இல்லாததையே தீர்ப்பாகக் கொள்கிறார். சோதனைக்கு எட்டாத நிறைக்கு நகர்ந்துகொண்டே போகும் இயற்பியல் கொள்கைக்கும் இந்த அளவுகோல்தான். மறுக்கப்படாமல் இருப்பது அதற்குச் சான்றாகாது. வேறு காரணம் தர வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது.

இன்றைய நிலை

பி-எஸ் மெசானின் உறவான, டவுன் குவார்க்கைக் கொண்ட பி மெசான் இரு மியூவான்களாகச் சிதைவது 1,000 கோடியில் ஒரு முறை என்ற அளவில் எதிர்பார்க்கப்படுகிறது. அது இன்னும் கண்டறியப்படவில்லை. சூப்பர் கெக்பியில் இயங்கும் பெல்-2 சோதனை 2023இல், பி மெசான் ஒரு கேயானாகவும் இரு நியூட்ரினோக்களாகவும் சிதைவதற்கு முதல் சான்றைத் தந்தது. அதன் விகிதம் எதிர்பார்ப்பைவிடக் கணிசமாக உயர்ந்திருக்கிறது. ஆனால் அது 5 சிக்மாவை எட்டும் வேறுபாடு அல்ல. மேலும் தரவு சேர்ந்தால் அந்த வேறுபாடு வளரலாம், கரைந்தும் போகலாம். 2030ஐ ஒட்டிப் பெரும் ஹாட்ரான் மோதுவியின் மோதல் வீதமும் பெரிதும் உயர்த்தப்படவுள்ளது.

இதுவரை கிடைத்த முடிவுகளை வெறுங்கை என்று கருதுவது தவறு. எந்த எல்லைக்குள், எத்தனை உறுதியோடு, எது இல்லை என்று அவை சொல்லியிருக்கின்றன. தான் எதைக் காணவல்லது என்று முதலில் மெய்ப்பித்துவிட்டு, அதன் பிறகே இல்லை என்று சொல்பவரின் இல்லை மட்டுமே அறிவாகும். துகள் இயற்பியலில் மட்டுமன்றி, சமயத்திலும் அன்றாட வழக்கிலும் இல்லை என்ற சொல்லைக் கையாளும் எவரும் ஏற்க வேண்டிய நிபந்தனை இது.